மீன் தொட்டிக்குப் பாசித் தீனி: புத்தளம் கரையோரத்தில் கற்கக்கூடிய பாடம்

மீன் தொட்டியின் கண்ணாடியில் பச்சைப் பாசி பிடித்துவிட்டால் அதைச் சுரண்டி வாய்க்காலில் கொட்டுவதுதான் நமது லயங்களில் வழக்கம். அதே வேளை டவுன் கடையிலே "சுருள்பாசி சேர்த்தது" என்று எழுதிய சிறு பைக்கற்றைச் சாதாரண தீனியை விடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வருகிறோம். கண்ணாடியில் இருப்பதும் பாசி, பைக்கற்றில் இருப்பதும் பாசி. ஒன்றை எறிகிறோம், மற்றதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதிலே எது சரி, எது பிழை என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

வீட்டோடு சிறு வருமானத்துக்காக அலங்கார மீன் வளர்க்கும் குடும்பங்கள் தோட்டங்களில் அங்கங்கே உண்டு. அவர்களிடமிருந்து எமக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்றுதான். "ஐயா, வாங்கிட்டு வர்றப்ப நல்லா செவப்பா இருந்த மீனு, ரெண்டு மாசத்துல வெளுத்துப் போச்சுங்க. கடைக்காரரு பாதி வெலைக்குக் கேக்குறாரு." அலங்கார மீனுக்கு விலை கிடைப்பது நிறத்தினால்தான். நிறம் போனால், பேர்க் காசில் மிச்சம் பிடித்துத் தொட்டிக்கும் குஞ்சுக்கும் போட்ட முதலும் போகும். ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மீனின் உடம்பிலே தெரியும் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் நிறங்களில் பெரும்பகுதி, கரட்டிலும் பப்பாசியிலும் இருக்கின்ற அதே வகைச் சாயப் பொருள்களால் உண்டாவது. மீன் இந்தச் சாயத்தைத் தானாக உண்டாக்கிக் கொள்ளாது. தீனியோடு உள்ளே போனால்தான் தோலுக்கு வரும். கடலானாலும் குளமானாலும் இந்தச் சாயத்தை முதன்முதலில் உண்டாக்குபவை பெரும்பாலும் பாசிகளே. பாசியைச் சிறு பூச்சிகளும் குட்டி இறால்களும் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. இப்படிக் கைமாறி வந்த சாயம்தான் மீனின் செட்டையிலே தெரிகிறது.

மன்னார்ப் பக்கம் வங்காலைக்கு வருகின்ற பூநாரைகள் இளஞ்சிவப்பாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பாசியையும் உப்புநீர் இறாலையும் தின்பதால் அவற்றின் இறகுக்கு நிறம் ஏறுகிறது. நமது வீட்டுக் கோழியைப் பாருங்கள். வெளியே மேய்ந்து பச்சை இலை தின்ற கோழியின் முட்டைக்கரு நல்ல மஞ்சளாக இருக்கும். மீன் விஷயமும் அப்படித்தான். வெறும் பாண்தூளும் சோறும் போட்டு வளர்த்தால் மீன் உயிரோடு இருக்கலாம், ஆனால் நிறம் நிற்காது.

புத்தளம் கரையோரத்தில் பாசியின் வேலை

இந்த விஷயத்தைக் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டுமானால் புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்குத்தான் போக வேண்டும். சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று நீண்டு கிடக்கும் அந்தக் கரையிலே பாசி பல விதமாக மனிதருக்கு உதவுகிறது.

முதலாவது உப்பளம். பாலாவி போன்ற இடங்களில் கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காய வைக்கிறார்கள். தண்ணீர் வற்றி உப்பு தடிக்கத் தடிக்க, பாத்தித் தண்ணீர் சிவப்பாக மாறுவதுண்டு. கடும் உப்பிலும் வாழக்கூடிய சில நுண்ணுயிர்களே அதற்குக் காரணம். அவற்றில் டுனாலியெல்லா என்னும் நுண்பாசியும் ஒன்று. கரட்டில் உள்ள சாயம் இந்தப் பாசியிலே மிக அதிகமாக உண்டு. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதை வளர்த்துச் சாயம் எடுத்து விற்கிறார்கள்.

இரண்டாவது இறால் குஞ்சு நிலையம். 1980களில் இருந்து இலங்கையின் இறால் வளர்ப்பு பெரும்பாலும் புத்தளம் மாவட்டத்திலேயே நடந்து வருகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இறால் குஞ்சு முதல் இரண்டு நாள் அளவில் ஒன்றும் தின்பதில்லை. உடம்போடு வந்த கருவுணவே அதற்குப் போதும். அதன் பிறகு வரும் பருவத்தில் அதற்கு நுண்பாசிதான் தீனி. கீட்டோசெரஸ், ஸ்கெலெட்டோனீமா என்ற பாசிகளை இதற்கென்றே வளர்க்கிறார்கள். சில நாள் கழித்துத்தான் ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலைக் கொடுப்பார்கள். அந்தச் சில நாளில் பாசி தவறிப் போனால் இலட்சக்கணக்கான குஞ்சும் போச்சு.

ஆகவே அங்கே பாசி வளர்க்கும் அறைக்குத் தனி மரியாதை. குளிரூட்டிய அறையிலே, டியூப் வெளிச்சத்தில், சிறு கண்ணாடிக் குடுவையில் விதைப்பாசி இருக்கும். அதிலிருந்து பெரிய போத்தலுக்கு, பிறகு தொட்டிக்கு என்று படிப்படியாகப் பெருக்குவார்கள். வடிகட்டிச் சுத்தம் செய்த கடல்நீர்தான் பாவிப்பார்கள். கை கழுவாமல் உள்ளே போக விடமாட்டார்கள். கரையோரப் பண்ணை வேலைக்குப் போக நினைக்கும் நமது இளைஞர்கள், சுத்தமும் நேரமும் தவறாத பழக்கத்தை இங்கேயே பழகிக்கொண்டால் இவ்வகை வேலைக்கு அது பெரிய தகுதி.

மூன்றாவது கடலுக்குள்ளே. கற்பிட்டிக்கு அப்பால் பார் ரீப் என்ற பவளப்பாறைத் தொடர் இருக்கிறது. 1992ஆம் ஆண்டு அது கடல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1998இல் கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியபோது அங்குள்ள பவளம் வெளிறிப் பெரும் பகுதி செத்தது. செத்த பவளத்தின் மேல் பாசி மூடிக்கொண்டால் புதுப் பவளம் ஒட்டி வளர இடம் இல்லாமல் போகும். பாசியைக் கொறித்துத் தின்னும் மீன்கள்தான் அந்த இடத்தைச் சுத்தம் செய்கின்றன. களப்பிலே ஓரா மீன் கூட்டமாகப் பாசி மேய்வதை மீனவர்கள் நன்கு அறிவார்கள். இப்படி மேய்ந்து பழகிய கடல் மீனைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, இறைச்சித் துண்டு மட்டும் போட்டால் அது நாளுக்கு நாள் மெலிந்து நோயில் விழும். அதற்குக் கடற்பாசி கொடுத்தே ஆக வேண்டும்.

சுருள்பாசி என்பது என்ன?

கடையில் ஸ்பைருலினா என்று விற்பதுதான் சுருள்பாசி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சுருள் கம்பி மாதிரி இருக்கும். நீலப்பச்சைப் பாசி என்று சொன்னாலும், விஞ்ஞானிகள் இதைப் பற்றீரியா இனத்தில்தான் சேர்க்கிறார்கள். காய்ந்த தூளில் நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு வரை புரதம். மஞ்சள், செம்மஞ்சள் சாயங்களும் உண்டு. இதன் மேல்தோல் மெல்லியது, மரக்கறியில் உள்ள நார்ச்சுவர் இதற்குக் கிடையாது. ஆகவே மீனுக்கு இலகுவில் சமிக்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. ஆபிரிக்காவில் சாட் ஏரிக்கரையில் வாழும் பெண்கள் இந்தப் பாசியை அள்ளி, மணலில் ஊற்றிக் காய வைத்து, வில்லையாக வெட்டிக் கறிக்குப் போடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தில் சி. வி. சேஷாத்ரியும் அவருடன் இருந்தவர்களும் கிராம மட்டத்தில் சிறு தொட்டிகளில் சுருள்பாசி வளர்க்கும் முறைகளை உருவாக்கினார்கள்.

"அப்போ நாமளும் லயத்துக்குப் பின்னால தொட்டி கட்டி வளக்கலாமே?" என்று கேட்கலாம். மேல் தோட்டங்களுக்கு இது ஒத்துவராது. சுருள்பாசி நன்றாக வளர 30 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். 20 பாகைக்குக் கீழே போனால் வளர்ச்சி படுத்துவிடும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். தண்ணீரும் சோடா உப்புக் கலந்த காரமான தண்ணீராக இருக்க வேண்டும். நல்ல வெயிலும் வேண்டும். வெயிலும் சூடும் புத்தளம் கரையிலே தாராளம், நமது மலையிலே மழையும் பனியும்தான் தாராளம். ஆகவே சுருள்பாசியைத் தூளாக வாங்குவதே நமக்கு இலாபம். தொட்டி கட்டிக் கடன்படாதீர்கள்.

எந்த மீனுக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

எல்லா மீனுக்கும் பாசி ஒரே அளவில் தேவையில்லை. மொலி மீன் பாசி மேய்வதில் கெட்டி. கப்பி, சுவோர்ட்டெயில், தங்கமீன், கொய் ஆகியவை இரண்டும் தின்பவை, பாசி சேர்ந்தால் நன்மை. தங்கமீனும் கொய்யும் சுருள்பாசியில் உள்ள மஞ்சள் சாயத்தைத் தம் உடம்பிலே சிவப்புச் சாயமாக மாற்றிக்கொள்ளும். அதனால்தான் இவற்றுக்கு இந்தத் தீனி விசேஷம். பைட்டர், ஒஸ்கார் போன்றவை இறைச்சி தின்னிகள். இவற்றுக்குப் பாசித் தீனி வாங்குவது வீண் செலவு.

இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பிக்குத்தான் முதலிடம். ஆனால் கப்பிக்கும் மொலிக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள, கொஞ்சம் வெப்பமான தண்ணீர் பிடிக்கும். புத்தளம் பக்கம் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், அந்தக் கல்லிலிருந்துதான் சீமெந்தும் செய்கிறார்கள். அங்கத்தைய கிணற்றுத் தண்ணீர் இம்மீன்களுக்கு நல்ல பொருத்தம். நமது மலைத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் புளிப்புத் தன்மையுள்ளது. இங்கே கப்பி வளர்க்கிறவர்கள் கழுவிய சிப்பி ஓடு ஒரு கைப்பிடி வடிகட்டியில் போட்டு வைத்தால் தண்ணீர் ஓரளவு சரியாகும். பவளக்கல் தேட வேண்டாம், அதைக் கடலில் இருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். குளிர் கூடிய மேல் தோட்டங்களுக்குத் தங்கமீனும் கொய்யுமே ஏற்றவை.

வீட்டிலேயே தீனி செய்யும் முறை

100 கிராம் தீனிக்கு வேண்டியவை: நெத்தலிக் கருவாட்டுத் தூள் 40 கிராம், சோயா மா 25 கிராம், கோதுமை மா 20 கிராம், அரிசித் தவிடு 10 கிராம், சுருள்பாசித் தூள் 5 கிராம்.

நெத்தலியைப் பல தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பு போக்கிய பின் காயவைத்து இடிக்க வேண்டும். சுருள்பாசி தவிர மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, 20 நிமிடம் ஆவியில் அவிக்கவும். சோயாவை அவிக்காமல் போட்டால் மீனுக்குச் சமிக்காது. நன்றாக ஆறிய பிறகே சுருள்பாசித் தூளைச் சேர்த்துப் பிசைய வேண்டும். சூட்டிலே போட்டால் சாயமும் சத்தும் கெட்டுப் போகும், காசு கொடுத்து வாங்கியதில் பலன் இராது. பிறகு இடியாப்ப உரலில் பிழிந்து, நிழலில் காயவைத்து, பொடியாக நொறுக்கிக் காற்றுப் போகாத போத்தலில் வைக்கவும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே தூரமாகத் தட்டு வைத்துக் காயவைக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

மூன்று நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு மட்டும் காலையும் மாலையும் போடவும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. ஆகவே ஒரே தடவையில் நிறையப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். நிறம் ஏறுவதைப் பார்க்க மூன்று நாலு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். "நேத்துத்தான் போட்டேன், இன்னும் செவக்கலியே" என்று அளவைக் கூட்டினால், மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீர்தான் கெடும். வெள்ளையும் சிவப்பும் கலந்த கொய்க்கு நிறத்தீனி மிஞ்சினால் வெள்ளைப் பகுதி மஞ்சளாகி விலை குறையும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

செலவில்லாத பாசி: பச்சைத் தண்ணீர்

குஞ்சுகளுக்குக் காசில்லாமல் தீனி உண்டாக்க ஒரு வழி உண்டு. மீன் தொட்டி மாற்றும் பழைய தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி வெயில் படும் இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் தண்ணீர் பச்சையாகும். இது நுண்பாசி. இதிலே தண்ணீர்த் தெள்ளுப்பூச்சியைக் கொஞ்சம் விட்டால் அது பாசியைத் தின்று பெருகும். அதை மெல்லிய துணியில் வடித்துக் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம். இறால் நிலையத்தில் பெரிய அளவில் செய்வதை நாம் பேசினில் செய்கிறோம், முறை ஒன்றுதான்.

ஆனால் திறந்த பேசினில் டெங்கு நுளம்பு முட்டையிடும். பேசினை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டி மூட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை ஓரங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மீனுக்குத் தீனி தேடப் போய்ப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது.

இன்னொன்று. பாசி பகலிலே ஒட்சிசனை வெளியிடும், இரவிலே தானும் ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். கடும் பச்சைத் தண்ணீரில் மீனை நெருக்கமாக விட்டால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், சில வேளை செத்து மிதக்கும். பச்சைத் தண்ணீர் குஞ்சுத்தீனி வளர்க்கத்தான், மீன் அடைத்து வைக்க அல்ல.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

குளத்திலே பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல் மிதக்கும் பாசியைத் தொடவே வேண்டாம். மைக்ரோசிஸ்ரிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி இப்படி மிதக்கும். இதிலே ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம். 1999ஆம் ஆண்டு கண்டி வாவியில் இந்தப் பாசி படர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். சுருள்பாசியும் நீலப்பச்சை, இதுவும் நீலப்பச்சை என்று எண்ணி அள்ளிப் போட்டால் மீனுக்கும் ஆபத்து, அள்ளிய கைக்கும் ஆபத்து.

கொப்புள நோய்க்குத் தேயிலையில் அடிக்கும் செப்பு மருந்து பாசிக்கும் மீனுக்கும் நஞ்சு. மருந்தடித்த மலையிலிருந்து வடியும் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கக்கூடாது. மருந்தடித்த கையோடு, உடுப்போடு தொட்டிப் பக்கம் போகக்கூடாது. மருந்து வந்த கானையோ போத்தலையோ தீனிக்கும் தண்ணீருக்கும் பாவிக்கவே கூடாது.

நோய் பிடித்த தொட்டித் தண்ணீரை லயத்துக்குப் பொதுவான வாய்க்காலில் விடாதீர்கள். 1996இல் வெள்ளைப் புள்ளி நோய் வந்து புத்தளம் மாவட்ட இறால் பண்ணைகள் பல அழிந்தன. ஒரு பண்ணை வெளியேற்றும் தண்ணீரை அடுத்த பண்ணை உள்ளே எடுத்ததும் நோய் பரவ ஒரு காரணம். ஒல்லாந்தர் கால்வாய்த் தண்ணீர் எல்லாருக்கும் பொது, நமது லயத்து வாய்க்காலும் அப்படியே. அந்தத் தண்ணீரைத் தூரத்தில் குழி தோண்டி ஊற்றுங்கள். வேண்டாத மீனையும் ஆற்றில் விடாதீர்கள். நமது மலை ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் உண்டு, வெளி மீன் போனால் அவற்றுக்குக் கேடு.

கேள்வியும் பதிலும்

"திரிபோஷாவிலயும் சோயா இருக்குதானே, கொஞ்சம் மீனுக்குப் போட்டா என்ன?"

வேண்டாம். கிளினிக்கில் தரும் திரிபோஷா கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், நிறை குறைந்த பிள்ளைக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. பிள்ளையின் பங்கை மீன் தின்னக்கூடாது. மீன் விற்ற காசில் பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுத்தால்தான் இந்தத் தொழிலுக்கு அர்த்தம் உண்டு.

"சுருள்பாசி இவ்வளவு சத்துன்னா, நாங்களும் சாப்பிடலாமா? இரத்தம் ஊறுமாமே?"

மீன் தீனிக்கென்று விற்கும் தூளை மனிதர் சாப்பிடவே கூடாது. அது மனிதருக்கான சுத்த முறைப்படி செய்ததல்ல. மனிதருக்கென்று தனியாக விற்பதும் மருந்துக்குப் பதில் ஆகாது. அதிலே பீ12 என்று சொல்லும் விற்றமினில் பெரும்பகுதி மனித உடம்புக்குப் பயன்படாத வகை. இரத்தச் சோகை உள்ள தாய்மார் மருத்துவிச்சி தரும் இரும்புச்சத்துக் குளிசையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது.

"தூள் வாங்கக் காசில்லை. வேறு என்ன போடலாம்?"

கீரையையோ முருங்கை இலையையோ கொதிதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, மிகப் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். அவித்துத் தோல் உரித்த பட்டாணி தங்கமீனுக்கு நல்லது. மருந்து படாத வீட்டுத் தோட்டத்துக் கீரையாக இருக்க வேண்டும். கண்ணாடியில் பிடித்த பாசியையும் முழுக்கச் சுரண்டாதீர்கள். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுப் பின்பக்கத்தில் விட்டு வையுங்கள். மொலியும் கப்பியும் அதை மேய்ந்து கொள்ளும். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கும் இதுவே பதில்.

"முறையாகப் பழக எங்கே போகலாம்?"

1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை இத்துறைக்குப் பொறுப்பானது. "நக்டா" என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். நுவரெலியா மாவட்டத்தில் கினிகத்தேனையிலும் அவர்களுக்கு நிலையம் உண்டு. தொட்டி கட்டுவதற்கு முன்னரே அங்கே விசாரித்து, உங்கள் தோட்டத்துத் தண்ணீருக்கும் குளிருக்கும் எந்த மீன் பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. முதலில் ஒரே ஒரு தொட்டி வையுங்கள். தீனிக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு, விற்று வந்தது எவ்வளவு என்று பிள்ளையின் பழைய கொப்பியிலே எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே இரண்டாவது தொட்டிக்குக் காசு போடுங்கள்.